ஸ்காபரோ ரூஜ் ரிவர்: பெயரா, கட்சியா?

பழைய கடிதங்களை எறிவதற்காக மேசை லாச்சியைக் கிளறியபோது மூன்று வாக்காளர் தகவல் அட்டைகள் கிடைத்தன. 2011ஆம் ஆண்டு அட்டையில் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்றும், 2015ஆம் ஆண்டு அட்டையில் ஸ்காபரோ–ரூஜ் பார்க் என்றும், 2025ஆம் ஆண்டு அட்டையில் ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் என்றும் தொகுதியின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. முதல் இரண்டு அட்டைகளும், 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே ரூஜ் ஆற்றை ஒட்டி நாங்கள் இருந்த ஒரே வீட்டுக்கு வந்தவை. மூன்றாவது, சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் குடிபெயர்ந்த போர்ட் யூனியன் வீட்டுக்கு வந்தது. கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்கு மூலையான ஸ்காபரோவில் வாழும் எங்களுக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை தொகுதியின் பெயர் மாறுவது பழகிப்போன விடயம். ஆயினும் இந்த மூன்று பெயர்களையும் மறந்துவிட்டு, "அது தமிழரின் தொகுதிதானே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. அந்தச் சொல்லில் எனக்கு நெடுநாளாக உடன்பாடில்லை. வாக்கு எண்ணிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு விதமாகத் தெரிகிறது.

தமிழர் வருவதற்கு முந்திய காலத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஸ்காபரோவின் வடபுறத்தில் பெரும்பகுதி அன்று யார்க்–ஸ்காபரோ என்ற ஒரு பெருந்தொகுதிக்குள் அடங்கியிருந்தது. வயல்வெளிகள் வீடுகளாக மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அது நாட்டின் போக்கைக் காட்டும் காற்றாடியைப் போல இருந்தது. 1953இல் நடந்த அதன் முதல் தேர்தலில் லிபரல் கட்சி வென்றது. டீஃபன்பேக்கர் பிரதமராக ஆட்சிக்கு வந்த 1957இலும், அதற்கடுத்த 1958, 1962 தேர்தல்களிலும் முற்போக்குக் கொன்சர்வேட்டிவ் கட்சியின் ஃபிராங்க் மெக்கீ வென்றார். மரண தண்டனையை ஒழிப்பதற்குத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தவர் என்று அவரை இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1963இல் பியர்சனோடு தொகுதி லிபரல் பக்கம் திரும்பி, பியர் ட்ரூடோ வென்ற 1974 வரையான பொதுத் தேர்தல்களில் அங்கேயே நின்றது. 1979இல் ஜோ கிளார்க்கோடு கொன்சர்வேட்டிவ் பக்கமும், 1980இல் மீண்டும் லிபரல் பக்கமும், 1984இல் மல்ரோனியோடு மறுபடி கொன்சர்வேட்டிவ் பக்கமும் சாய்ந்தது. பன்னிரண்டு பொதுத் தேர்தல்களிலும் ஆட்சியமைத்த கட்சியின் வேட்பாளரையே அனுப்பிய தொகுதி அது. இடையில் 1978 இடைத்தேர்தலில் மட்டும் எதிர்க்கட்சிக்கு வாக்களித்தது. அடுத்த ஆண்டு நாடே அதன் வழியில் போனது.

1987ஆம் ஆண்டு எல்லை மறுவரையறையில் அந்தத் தொகுதி கலைந்தது. வடக்கே ஸ்டீல்ஸ் வீதி, தெற்கே 401, கிழக்கே பிக்கரிங் நகர எல்லை என்று கட்டப்பட்ட ஸ்காபரோ–ரூஜ் ரிவர் அப்போது பிறந்தது. சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை மையமாக வைத்து 1988 நவம்பர் 21இல் நடந்த தேர்தலில் மல்ரோனி மீண்டும் பெரும்பான்மை பெற்றார். ஆனால் இந்தப் புதிய தொகுதி லிபரல் கட்சியின் டெரெக் லீயைத் தெரிவுசெய்தது. ஆட்சியோடு சேர்ந்து போகும் பழைய வழக்கம் அந்த ஒரே நாளில் முறிந்தது. அதன் பின் 1993, 1997, 2000, 2004, 2006, 2008 என்று ஆறு தேர்தல்களிலும் அவரே வென்றார். லிபரல் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொகுதி அசையவில்லை.

இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, வலதுசாரி வாக்குகள் உடைந்து கிடந்தமை. 1993இல் ஒன்ராறியோவின் 99 ஆசனங்களில் 98ஐயும், 1997இல் 103இல் 101ஐயும், 2000இல் 103இல் 100ஐயும் லிபரல் கட்சி அள்ளிக்கொண்டபோது, ஸ்காபரோவில் மட்டும் வேறு முடிவை எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. இரண்டாவது காரணத்தை எங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்தேன். நாங்கள் 1989இல் வந்தோம். அகதிக் கோரிக்கை, நிரந்தர வதிவிடம் என்று ஒவ்வொரு படியையும் கடந்து குடியுரிமைப் பத்திரம் கைக்கு வர 1996 ஆயிற்று. ஆக, 1983 யூலைக்குப் பின்னர் வந்து குவிந்த ஈழத்தமிழரின் எண்ணிக்கை வீதியில் தெரிந்ததற்கும் வாக்குப்பெட்டியில் தெரிந்ததற்கும் இடையில் ஏறக்குறையப் பத்தாண்டு இடைவெளி இருந்தது. "தமிழர் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், ஏன் எவரையும் அனுப்பவில்லை?" என்று தொண்ணூறுகளில் கேட்டவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்கவில்லை.

1997 யூன் 2ஆம் திகதி அப்பா தன் வாழ்நாளின் முதல் கனேடிய வாக்கைப் போடப் புறப்பட்டபோது தீபாவளிக்கு உடுத்தும் சட்டையை எடுத்து மாட்டினார். யாருக்குப் போடுவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. "எங்களை உள்ளே விட்ட கட்சி" என்பது அவருடைய சொல். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை ஏற்றுக்கொண்டபோது ஆட்சியில் இருந்தவர் மல்ரோனி என்பதை நான் எடுத்துச் சொன்னேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் தலைமுறையினரின் விசுவாசம் அரசியல் வரலாற்றைப் படித்து வந்ததன்று. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகம் என்றாலே அவர்களுக்குக் குடிவரவுக் கோப்பு. அண்ணனை அழைக்கும் பொறுப்பு விண்ணப்பம், அம்மாவின் வருகை விசா, தாமதமான குடியுரிமை என்று வரிசையில் நின்றவர்கள், அங்கே யார் இருந்தாலும் அவருக்கே அடுத்த முறையும் வாக்களித்தார்கள். பதவியில் இருப்பவருக்குப் புறநகர்த் தொகுதிகளில் கிடைக்கும் ஆதாயத்தில் பாதி அந்த வரவேற்பறைக் கதிரைகளிலேயே உருவாகிறது என்பது என் கணிப்பு.

டெரெக் லீயைப் பற்றி எங்கள் சமூகத்தில் எவரும் அதிகம் பேசுவதில்லை. அது அவருக்கு நாங்கள் செய்யும் குறை. அவர் அமைச்சராகவில்லை. ஆனால் நாடாளுமன்றம் ஆட்களையும் ஆவணங்களையும் தன் முன்னிலைக்கு வரவழைக்கும் அதிகாரத்தைப் பற்றி 1999இல் ஒரு நூலே எழுதியவர். ஆப்கானிஸ்தான் கைதிகள் தொடர்பான ஆவணங்களை அரசு தர மறுத்தபோது சிறப்புரிமைப் பிரச்சினையை எழுப்பிய உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். 2010 ஏப்ரல் 27இல் சபாநாயகர் பீட்டர் மில்லிக்கன், அரசிடம் ஆவணங்களைக் கோரும் உரிமை சபைக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். எங்கள் பகுதியின் வடமேற்கு மூலைக்கும் மில்லிக்கன் என்றே பெயர் இருப்பது தற்செயல்தான். என்றாலும் அந்த வாரம் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அந்தத் தீர்ப்பு வந்த காலத்திலேயே தொகுதியின் மனநிலை மாறத் தொடங்கியிருந்தது. 2006இல் கொன்சர்வேட்டிவ் பிரதமர் ஹார்ப்பரின் அரசு விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2009 மே 10இல், முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களில், பல்லாயிரம் தமிழர் கார்டினர் விரைவுச்சாலையை மறித்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் ஓஷன் லேடி கப்பலில் 76 பேரும், 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேரும் மேற்குக் கரைக்கு வந்திறங்கினார்கள். அவர்களைச் சிறையில் வைத்து அரசு நடத்திய விதம் இங்கே ஒவ்வொரு வீட்டின் சாப்பாட்டு மேசையிலும் பேசப்பட்டது. கொன்சர்வேட்டிவ் கட்சிமீது கோபம், லிபரல் கட்சிமீது சலிப்பு என்ற நிலையில், அதுவரை இங்கு எடுபடாத புதிய சனநாயகக் கட்சியின் பக்கம் இளையோரின் கண் திரும்பியது. டெரெக் லீ 2011இல் போட்டியிடாமல் ஒதுங்கியதும் கதவு முழுவதும் திறந்தது.

2011 மே 2ஆம் திகதித் தேர்தலைப் பற்றி எங்கள் ஊடகங்களில் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தின் மறுபதிப்புகள்: தமிழர் ஒன்றுபட்டுத் தங்கள் மகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் கனடாவுக்கு வந்த ராதிகா சிற்சபைஈசன், கனேடிய நாடாளுமன்றத்தில் நுழைந்த முதலாவது ஈழத்தமிழர் என்பது வரலாறு. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அன்றைய முடிவை எண்களாகப் பாருங்கள். அவருக்குச் சுமார் 40 சதவீதம், கொன்சர்வேட்டிவ் வேட்பாளருக்குச் சுமார் 30, லிபரல் வேட்பாளருக்குச் சுமார் 27. முந்திய தேர்தல்களில் பாதிக்கு மேல் வாங்கிவந்த லிபரல் கட்சி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. பத்தில் ஆறு பேர் வென்றவருக்கு எதிராக வாக்களித்த தேர்தல் அது; மும்முனைப் போட்டியில், அதிக வாக்குப் பெற்றவர் வெல்லும் முறையில், அதுவே போதுமானதாக இருந்தது.

தமிழர் இந்தத் தொகுதியில் ஒருபோதும் பெரும்பான்மையாக இருந்ததில்லை. அன்று வெள்ளையரல்லாதோர் மிக அதிக விகிதத்தில் வாழ்ந்த கனேடியத் தொகுதிகளில் இது முன்னணியில் இருந்தது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் அப்படிப்பட்டவர்கள். அவர்களுக்குள் சீனர், தமிழர், குஜராத்தியர், பஞ்சாபியர், பிலிப்பினோக்கள், ஜமைக்காவிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்தவர்கள் என்று எல்லோரும் அடக்கம். வாக்களிப்பு நிலையம் ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் கனடா தேர்தல் திணைக்களம் வெளியிடுகிறது. ஆனால் எந்த வாக்கு எந்த வீட்டு மொழியில் பேசுபவருடையது என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. எனவே "நாங்கள்தான் வெல்லவைத்தோம்" என்ற கூற்றை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். புதிய சனநாயகக் கட்சித் தலைவர் ஜாக் லேட்டனின் அலை நாடு முழுவதும் 103 ஆசனங்களைக் கொண்டுவந்த அந்த இரவில், லிபரல் தலைவர் மைக்கேல் இக்னாட்டிஃப் தன் சொந்தத் தொகுதியையே இழந்த அந்த இரவில், அலையும் வேட்பாளரும் ஒரே இடத்தில் சந்தித்தார்கள். பக்கத்தில் ஸ்காபரோ தென்மேற்கும் அதே கட்சிக்குப் போனது. அங்கே வென்றவர் தமிழர் அல்லர். அலை இல்லாமல் பெயர் மட்டும் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அடுத்த தேர்தலில் விடை கிடைத்தது.

2011 குடிசன மதிப்பீட்டுக்குப் பின்னர் மாகாணங்கள்தோறும் ஆணைக்குழுக்கள் அமர்ந்து எல்லைகளை மறுபடி வரைந்தன. ஒவ்வோர் ஆணைக்குழுவிலும் மூவர், தலைவர் நீதிபதி. அரசியல்வாதிகள் தங்களுக்கு ஏற்றபடி கோடு இழுக்கும் அமெரிக்க வழக்கம் இங்கே இல்லை என்பது பெரிய ஆறுதல். நாடாளுமன்றம் 308இலிருந்து 338 ஆசனங்களாக விரிந்தபோது, ஸ்காபரோ–ரூஜ் ரிவர் இரண்டாக வெட்டப்பட்டது. மேற்குப் பகுதி ஸ்காபரோ வடக்கு ஆயிற்று. ஆற்றை ஒட்டிய எங்கள் பகுதி, 401ஐத் தாண்டித் தெற்கே ஏரிக்கரை வரை நீண்டு ஸ்காபரோ–ரூஜ் பார்க் ஆயிற்று. தொகுதி தன் பெயரை ஆற்றிலிருந்து பூங்காவுக்கு மாற்றிக்கொண்டதில் ஒரு பொருத்தமும் உண்டு. அதே 2015ஆம் ஆண்டிலேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவும் சட்டப்படி நிறுவப்பட்டது.

ராதிகா ஸ்காபரோ வடக்கைத் தெரிந்துகொண்டார். 2015 ஒக்ரோபர் 19இல் அங்கே லிபரல் கட்சியின் ஷான் சென் வென்றார். இரண்டாம் இடத்தில் கொன்சர்வேட்டிவ் வேட்பாளர். பதவியில் இருந்த ராதிகா மூன்றாம் இடம். அதே பெயர், அதே உழைப்பு, நான்காண்டு அனுபவம் என்று எல்லாம் இருந்தும் கட்சிக்காற்று எதிர்த்திசையில் அடித்தது. ரொறன்ரோவில் அவருடைய கட்சி ஓர் ஆசனத்தைக்கூடக் காப்பாற்றவில்லை. எங்கள் ரூஜ் பார்க்கில் லிபரல் கட்சிக்காக ஹரி ஆனந்தசங்கரி நின்றார். புதிய சனநாயகக் கட்சியும் ஒரு தமிழரையே நிறுத்தியது. ஹரி சுமார் 60 சதவீத வாக்குகளோடு வென்றார். அந்தத் தொகுதியில் கொன்சர்வேட்டிவ் கட்சி முதலில் அறிவித்த வேட்பாளர், வீட்டுச் சாதனங்கள் திருத்துபவராக ஒரு வீட்டுக்குப் போனபோது கோப்பிக் கோப்பைக்குள் சிறுநீர் கழித்த பழைய காணொளி வெளிவந்ததால் விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் களமிறங்கிய லெஸ்லின் லூயிஸ் பின்னாளில் கட்சித் தலைமைக்கே போட்டியிடும் அளவுக்கு வளர்ந்தார். எங்கள் தொகுதி தேசியச் செய்திகளில் மிக அதிகமாக அடிபட்ட வாரம் அந்தக் கோப்பையால் வந்தது என்பதைப் பெருமையோடு எழுத முடியவில்லை.

2019, 2021 தேர்தல்களிலும் ஹரி 60 சதவீதத்துக்கு மேல் பெற்றார். ஒக்ரோபர் 2016இல் தமிழ் மரபுத் திங்கள் தீர்மானமும், 2022 மே 18இல் தமிழினப் படுகொலை நினைவு நாள் தீர்மானமும் அவர் முன்வைப்பில் சபையில் ஒருமனதாக நிறைவேறின. இந்த வெற்றிகளைப் பார்த்து, இது இனித் தமிழரின் கோட்டை என்று சொல்லத் தொடங்கினார்கள். நான் அந்த இடத்திலேயே நிறுத்தி, ஒன்ராறியோ மாகாணத் தேர்தலைப் பார்க்கச் சொல்வேன்.

1999 முதல் தென் ஒன்ராறியோவில் மாகாணத் தொகுதிகள் கூட்டாட்சித் தொகுதிகளின் எல்லைகளைப் பெரும்பாலும் பின்பற்றி வந்திருக்கின்றன. ஒரே கோடு, ஒரே வாக்காளர், சில வேளைகளில் ஒரே பாடசாலை மண்டபம். முடிவு மட்டும் வேறு. 2018 மாகாணத் தேர்தலில் ஸ்காபரோ–ரூஜ் பார்க்கில் வென்றவர் முற்போக்குக் கொன்சர்வேட்டிவ் கட்சியின் விஜய் தணிகாசலம். லிபரல் கட்சி அங்கே நிறுத்திய தமிழர் மூன்றாம் இடத்துக்குப் போனார். 2022இலும் 2025இலும் விஜய் தணிகாசலமே திரும்பவும் வந்தார். ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கு லிபரல், குயின்ஸ் பார்க்கில் உள்ள மாகாணச் சட்டமன்றத்துக்குக் கொன்சர்வேட்டிவ் என்று அதே தெருக்கள் ஒழுங்காகப் பிரித்து அனுப்புகின்றன. இருவரும் தமிழர் என்பதால் இதைச் சமூகத்தின் சாதுரியம் என்று சிலர் புகழ்கிறார்கள். மாகாணத்தில் லிபரல் கட்சி சரிந்தபோது எங்கள் தொகுதியிலும் சரிந்தது, நாட்டில் எழுந்தபோது எங்கள் தொகுதியிலும் எழுந்தது என்ற சாதாரண விளக்கமே எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது.

இதைவிடத் தெளிவான சான்று 2016 செப்ரெம்பர் 1இல் பழைய ஸ்காபரோ–ரூஜ் ரிவர் எல்லைக்குள் நடந்த மாகாண இடைத்தேர்தல். லிபரல் கட்சியும் புதிய சனநாயகக் கட்சியும் ஆளுக்கொரு தமிழரை நிறுத்தின. அந்த இருவரும் சேர்ந்து பெற்றது பாதிக்கு மேல். வென்றவரோ சுமார் 39 சதவீதம் பெற்ற ரேமண்ட் சோ. கொரியாவில் பிறந்து எண்பதை நெருங்கிய வயதில் சட்டமன்றம் புகுந்த அவருடைய கதையைத் தனியாகவே எழுதலாம். 1988இல் இத்தொகுதியின் முதல் கூட்டாட்சித் தேர்தலில் புதிய சனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று தோற்றார். பின்னர் நகரசபை உறுப்பினராக ஆண்டுக்கணக்கில் தெருத்தெருவாக அலைந்தார். 2004இல் டெரெக் லீக்கு எதிராகச் சுயேச்சையாக நின்று தோற்றார். 2014 மாகாணத் தேர்தலில் கொன்சர்வேட்டிவ் கட்சிக்காக நின்று தோற்றார். முதல் தோல்விக்கு 28 ஆண்டுகளுக்குப் பின்னர், 2014இல் நின்ற அதே கொன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில், அதே தெருக்களில் வென்றார். பெயரும் கட்சியும் இரண்டுமே போதாத இடத்தில் பிடிவாதம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இந்தத் தொகுதியில் அவரைப் போல் வேறொருவர் இல்லை.

அப்படியானால் தமிழரின் எண்ணிக்கைக்கு எடையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது பொதுத் தேர்தல் நாளுக்கு முன்னதாகவே, கட்சிகளின் வேட்பாளர் தெரிவுக் கூட்டத்தில், விழுந்துவிடுகிறது. ஒரு கட்சி 60 சதவீதம் வாங்கும் தொகுதியில் அந்தக் கட்சியின் வேட்பாளராக வருவதே உண்மையான போட்டி. லிபரல் கட்சியில் 14 வயது நிறைந்தவர்கள் பதிவுசெய்து அந்தத் தெரிவில் வாக்களிக்கலாம், குடியுரிமைகூடத் தேவையில்லை. எனவே சொந்தபந்தம், ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் என்று பின்னப்பட்ட ஒரு சமூகம் சில ஆயிரம் படிவங்களை நிரப்பி அந்தக் கூட்டத்தின் முடிவைத் தீர்மானிக்க முடியும். இதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. என் மகளுக்கு 15 வயதில் இப்படியொரு படிவம் நீட்டப்பட்டது. எந்தக் கொள்கை என்று அவள் கேட்டதற்கு, "எங்கட ஆள் பிள்ளை" என்ற பதில் மட்டுமே கிடைத்தது. படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனது. கொண்டுவந்த மாமா ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

2025 ஏப்ரல் 28ஆம் திகதித் தேர்தலுக்குள் ஆசனங்கள் 343 ஆகின. ரொறன்ரோ நகரமோ 25இலிருந்து 24ஆகச் சுருங்கியது. ரூஜ் பார்க்கும் கில்ட்வுட்டும் கோர்க்கப்பட்ட புதிய தொகுதியில் ஹரியே வென்றார். அவர் மார்ச் மாதத்தில் நீதி அமைச்சராகவும், மே மாதத்தில் பொதுப் பாதுகாப்பு அமைச்சராகவும் பொறுப்பேற்றார். எல்லைக்கு அப்பால் பிக்கரிங்–புரூக்ளின் தொகுதியில் லிபரல் கட்சியின் யுவனிதா நாதன் வென்றார். தமிழர் அங்கே இன்னும் சிறிய பங்கினர். எங்கள் "கோட்டை"க்கு வெளியே, தமிழ்க் கடைத்தெருக்களிலிருந்து தள்ளி, ஒரு தமிழ்ப் பெயர் வென்றிருக்கிறது என்பதே அந்தத் தேர்தலில் என் கவனத்தை அதிகம் ஈர்த்த செய்தி.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. முன்கூட்டிய வாக்களிப்பு நாளில் அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் கட்சி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தடுப்புக்குப் பின்னால் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தார். காரில் ஏறியதும், "பெயரைப் பார்த்தோ போட்டனீங்கள், கட்சியைப் பார்த்தோ?" என்று கேட்டேன். "அதுக்குத்தானே மறைச்சு வைக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.